பாஸ்கால் பாடமும் ஒரு லோடர் ஃபைலும்

போன வாரம் எங்கள் தெரு வாய்க்காலில் தூர் வார ஒரு குட்டி லோடர் வந்தது. நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பியதை என் பேரன் வாய் பிளந்து பார்த்தான். "ஸ்கிட் ஸ்டீர்" என்றேன். குமாஸ்தா தாத்தாவுக்கு இது எப்படித் தெரியும் என்று அவனுக்கு ஆச்சரியம். ஒரு ஃபைல்தான் கற்றுக்கொடுத்தது.

இந்த வண்டி பிறந்தது ஒரு வான்கோழிப் பண்ணைக்காக. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராத்சே என்ற சிற்றூரில் சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்ற சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். எடி வெலோ என்ற பண்ணைக்காரரின் கொட்டகையில் தூண்கள் நெருக்கம். மாடித் தளத்திலும் எரு அள்ள வேண்டும். 1957-இல் அவருக்கு மூன்று சக்கர வண்டி ஒன்று செய்து கொடுத்தார்கள். பிறகு மெல்ரோ கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. 1960-இல் நான்கு சக்கரம் வந்தது. 1962-இல் 'பாப்கேட்' என்ற பெயர். சக்கரங்களையும் எண்ணெய் அழுத்தத்தால் ஓட்டுவது பின்னால் வந்த வழக்கம்.

எண்ணெய் அழுத்தம் என்றதும் எனக்குப் புதுச்சேரிப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். பிரெஞ்சில்தான் படித்தோம். பாஸ்காலின் நூல் அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து, 1663-இல் அச்சானது. ஒரு பாத்திரத்தில் இரண்டு வாய். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியது. சின்ன வாயில் ஒருவன் அழுத்தினால் பெரிய வாயில் நூறு பேரின் பலத்துக்கு ஈடாவான். எங்கள் மெஸ்ஸியே இதைக் கரும்பலகையில் வரைந்தபோது மந்திரம் போலத்தான் இருந்தது.

ஆனால் 1795-இல் லண்டனில் ஜோசப் பிராமா அந்தத் தத்துவத்தில் பிரெஸ் செய்து பேடன்ட் வாங்கியபோது, தொல்லை கொடுத்தது கசிவு. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம் போல் மடித்த தோலால் அதை அடைத்ததாகச் சொல்வார்கள். அழுத்தம் கூடக்கூட அந்தத் தோல் தானே இறுகும். பிரெஞ்சில் கசிவுக்கும் தப்பியோடுவதற்கும் 'ஃப்யுயித்' என்று ஒரே சொல். பொருத்தமான சொல்தான்.

இனி அந்த ஃபைல். எங்கள் ஆபீஸ் லோடர் காலையில் நன்றாக வேலை செய்யும். வெயில் ஏறினால் கை தூக்காது. 'பம்பு போய்விட்டது, டிரைவரின் முரட்டுக் கையாளல்' என்று ரிப்போர்ட் வந்தது. டிரைவருக்கு மெமோ, சம்பளத்தில் பிடித்தம் என்று உத்தரவுக்கான வரைவு என் மேசையில். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள்.

வெளியிலிருந்து ஒரு வயதான மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் பம்பைக் கழற்றவே இல்லை. முதலில் ஓட்டிப் பார்த்தார். சக்கரம் சரி, கையும் பக்கெட்டும் இரண்டுமே சோர்வு. "ஒரு சிலிண்டர்ல கோளாறுன்னா ஒண்ணுதானே சோரணும்" என்றார். பிறகு எண்ணெய் அளவு, ஃபில்டர், ரிலீஃப் வால்வு. "பம்பு கொடுக்கிறது ஓட்டம் சார். எதிர்ப்பு இருந்தாத்தான் அழுத்தம் ஏறும்" என்று சொல்லி, ஓட்டம் அளக்கும் மீட்டரை மாட்டினார். சுமையில்லாதபோது ஓட்டம் இருந்தது. சுமை ஏற்றியதும் விழுந்தது. எண்ணெய் சூடான பின் இன்னும் மோசம். ஆக, பம்பின் பல்சக்கரங்கள் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஓடுகிறது. பிராமாவின் அதே தொல்லை!

ரிப்போர்ட் சரிதான் என்று எழுந்தேன். அவர் டேங்க்கைத் திறந்து காட்டினார். எண்ணெய் முழுக்க நுரை. உறிஞ்சும் ஹோஸில், கிளாம்புக்கு அடியில், நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதன் வழியே காற்று புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பம்பை அரித்திருக்கிறது. "பல நாளாவே ஊளை மாதிரி சத்தம் வந்திருக்குமே, யாரும் சொல்லலையா?" என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் 'பம்பில் ஊளைச் சத்தம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். வருஷக் கடைசிக் கணக்கு நெருக்கடியில், அதிகாரி பார்வைக்கு வைக்காமல் என் பீரோவில் போட்டுவிட்டேன். கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்தக் காகிதத்தை ஃபைலில் கோத்து, தாமதம் என்னுடையது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்.

டிரைவரின் பிடித்தம் ரத்தானது. எனக்கு ஒரு எச்சரிக்கை மெமோ. அவர் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தபோது, ஹோஸைப் பற்றி இருவரும் பேசவில்லை.