துணித் திரை அச்சு வீட்டு மேசைக்கு வந்த வரலாறு

1. ஆய்வுச் சிக்கல்

கெட்டி அட்டையில் 'க' என்று எழுதிக் கத்தியால் வெட்டி எடுத்தால், சுழிக்குள் இருக்கும் துண்டும் சேர்ந்து கழன்றுவிடும். அந்த அட்டையைத் துணியின்மேல் வைத்துச் சாயம் பூசினால் சுழி அடைபட்ட எழுத்துத்தான் பதியும். ஸ்டென்சில் அச்சின் மிகப் பழைய இடர் இதுவே: பற்றுக்கோடு இல்லாத உள்துண்டை அதன் இடத்திலேயே நிறுத்துவது எப்படி? ஸ்கிரீன் பிரிண்டிங் என்று வழங்கும் திரை அச்சின் வளர்ச்சியை, இக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளின் வரிசையாகக் காணலாம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பட்டறைத் தொழில் வீட்டுக்குள் வந்ததையும் அவ்விடைகளைக் கொண்டே விளக்க முடியும்.

2. ஜப்பான்: இழையும் வலையும்

ஜப்பானின் மியே மாநிலத்தில், இன்றைய சுசுகா நகரத்தைச் சேர்ந்த ஷிரோகோ, ஜிகே ஆகிய ஊர்கள் இசே கதகாமி எனப்படும் சாயவேலைக்கான ஸ்டென்சில் தாள்களுக்குப் பேர்போனவை. காகித மல்பெரி நாரில் செய்த தாள்களை, பெர்சிமன் காய்ச் சாற்றைப் பசையாக்கி அடுக்கி ஒட்டி, புகையூட்டிப் பதப்படுத்துவார்கள். நீர் பட்டாலும் சுருங்காத அத்தாளில் நுண்கோலங்களை வெட்டுவார்கள். சாயக்காரர் அதைத் துணிமேல் விரித்து அரிசிப் பசையைத் தேய்ப்பார். பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது.

மெல்லிய கோடுகளும் தனித்து நிற்கும் துண்டுகளும் அசையாதிருக்க ஒரு வழி கண்டார்கள். வெட்டிய தாளை இரண்டு படலமாகப் பிரித்து, இடையே பட்டிழைகளைப் பரப்பி, கோலம் இம்மியும் பிசகாமல் மறுபடி ஒட்டினார்கள். பின்னாளில் இந்தக் கடும் உழைப்புக்கு மாற்றாக, தாளின்மேல் பட்டு வலையை அரக்குப் பூச்சால் ஒட்டும் முறை வந்தது.

ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் வேலைகள் பிரிந்தே இருந்தன. தாளை வெட்டியவர் ஒருவர். அப்பகுதியை ஆண்ட கீய் பிரபுக்களின் ஆதரவோடு அதை நாடெங்கும் கொண்டுசென்று விற்றவர் இன்னொருவர். துணியில் பதித்தவர் வேறொருவர்.

3. மேற்கு: சட்டத்தில் கட்டிய பட்டு

மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன், ஸ்டென்சிலுக்குத் தாங்கியாகப் பட்டுத் துணியைப் பயன்படுத்தும் முறைக்கு 1907இல் காப்புரிமை பெற்றார். மாவு சலிக்கப் பயன்பட்ட நெருக்கமான பட்டுத் துணியே அச்சகங்களுக்கும் பொருந்தியது. துணி முழுவதும் வலையாக இருந்ததால் உள்துண்டு எங்கிருந்தாலும் ஒட்டி நின்றது. உள்துண்டைப் பிடித்து வைக்க வெட்டாமல் விடும் இணைப்புக் கோடுகள் தேவையற்றுப் போயின.

அமெரிக்காவில் விளம்பரப் பலகைத் தொழில் இதை வளர்த்தெடுத்தது. கத்தியால் வெட்டிப் பட்டில் ஒட்டும் ஸ்டென்சில் ஃபிலிம்களை ஜோசப் உலானோ போன்றவர்கள் மேம்படுத்தினர். பெருமந்தக் காலத்து அரசு கலைத் திட்டத்தின் கீழ், 1938இல் நியூயார்க்கில் ஆந்தனி வெலோனிஸ் தலைமையில் திரை அச்சுப் பிரிவு ஒன்று இயங்கியது. குறைந்த செலவில் ஓவியர் தாமே அச்சிடலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆயினும் கத்தி வேலை கைவந்தவருக்கே நுண்ணிய வடிவம் வசப்பட்டது.

4. கத்திக்குப் பதில் ஒளி

கத்தியை விலக்கும் வேதியியல் முன்பே தெரிந்திருந்தது. பொட்டாசியம் டைகுரோமேட் ஒளியில் மாறும் என்பதை ஸ்காட்லாந்தின் மங்கோ பான்டன் 1839இல் கண்டார். அது கலந்த ஜெலட்டின் ஒளிபட்டால் இறுகும் என்பதை ஒளிப்பட முன்னோடி டால்பட் 1852ஆம் ஆண்டுக் காப்புரிமையில் பயன்கொண்டார். இதே நெறியில்தான் எமல்ஷன் எனும் இன்றைய ஒளியுணர் பூச்சும் இயங்குகிறது. திரையில் எமல்ஷனைப் பூசி இருட்டில் காயவைத்து, கறுப்பு வடிவமுள்ள ஃபிலிமை அதன்மேல் படிய வைத்து ஒளி காட்டினால், ஒளி பட்ட பகுதி இறுகும். கறுப்பு மறைத்த பகுதி தண்ணீரில் கரைந்து மைக்கு வழிவிடும். நச்சுள்ள டைகுரோமேட்டின் இடத்துக்கு டயசோவும் பிறகு ஃபோட்டோபாலிமரும் வந்தன. பட்டுக்குப் பதில் பாலியெஸ்டர் வலை வந்தது.

5. வீட்டுக்கென்றே ஒரு கருவி

ரிசோ நிறுவனத்தின் நிறுவனர் நோபோரு ஹயாமா உருவாக்கிய பிரிண்ட் கோக்கோ என்ற சிறு அச்சுக் கருவி 1977இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. புத்தாண்டு அஞ்சலட்டைகளை வீட்டிலேயே அச்சிடுவதுதான் அதன் முதல் நோக்கம். கார்பன் மையில் வரைந்த படத்தின்மேல் மாஸ்டர் எனப்படும் ஃபிலிம் ஒட்டிய திரையை வைத்து ஃப்ளாஷ் பல்புகளை எரித்தால், கார்பன் சூடேறி மாஸ்டரின் ஃபிலிமை அந்தந்த இடத்தில் உருக்கித் துளையிடும். மையைத் திரையிலேயே பிதுக்கி மூடியை அழுத்தினால் போதும், மையைத் திரையில் இழுக்கும் ஸ்க்வீஜி வேண்டாம். துணிக்கான மைகளும் கிடைத்தன. வீட்டுக் கணினியும் பிரிண்டரும் பரவியபின் தேவை குறைய, 2008இல் அதன் உற்பத்தி நின்றது.

6. முடிவுரை

பட்டிழை, பட்டு வலை, ஒளி ஆகிய மூன்று விடைகளும் கைத்திறனில் ஒரு பகுதியைப் பொருளுக்கு மாற்றின. அதன் பயனாக, ஷிரோகோவில் பிரிந்திருந்த வேலைகள் ஒருவர் கையில் சேர்ந்தன. வரைந்தவரே ஃபிலிம் எடுத்து, வெயிலில் எக்ஸ்போஸ் செய்து, குழாயடியில் கழுவி, சட்டையில் அச்சிடலாம். திருப்பூர் பனியன் அச்சுக்கூடங்களிலும் இதே படிநிலைகள்தாம். அளவும் வேகமும் வேறு.

பொருளுக்கு மாறாத திறனும் உண்டு. ஒளி குறைந்தால் எமல்ஷன் கழுவும்போதே உரியும்; கூடினால் மெல்லிய கோடு திறக்காது. பிக்மென்ட் மை உலர்ந்தபின் இஸ்திரிப் பெட்டியால் போதிய சூடு தராவிட்டால் சலவையில் நிறம் வெளிறும். வீட்டில் அச்சிடுபவர் கற்க வேண்டியது இனிக் கத்தி வேலையன்று. ஒளிக்கும் சூட்டுக்கும் உரிய அளவறிதலே.