மேடையில் கழன்ற நட்சத்திரம்

இனப்பகை எத்துணைக் கொடியது என்பதை மாணாக்கர்க்கு எங்ஙனம் உணர்த்துவது? ஹிட்லர் ஆட்சியில் யூதர் 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்று பாடநூல் கூறும். அவ்வெண்ணை மாணாக்கன் நெட்டுருச் செய்வான். தேர்வு முடிந்ததும் மறப்பான். ஆதலின், மேனாட்டுப் பள்ளிகள் பல ‘புருண்டிபார்’ என்னும் சிறு இசை நாடகத்தைச் சிறுவரைக் கொண்டே நடிப்பித்து இப்பாடத்தைப் புகட்டுகின்றன. அதன் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

அந்நாளைய செக்கோஸ்லோவாக்கியாவில் வாழ்ந்த யூத இசைவாணர் ஹான்ஸ் கிராசா 1938-இல் இதற்கு இசை வகுத்தார். கதை எளியது. தந்தையை இழந்த சிறுவனும் அவன் உடன்பிறந்தாளும் நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கக் காசின்றிச் சந்தையில் பாடுகின்றனர். இசைப்பெட்டி சுழற்றிப் பிழைக்கும் புருண்டிபார் அவர்களை விரட்டுகிறான். குருவியும் பூனையும் நாயும் துணைவர, ஊர்ப்பிள்ளைகள் ஒன்றுகூடிப் பாடி அவனை வெல்கின்றனர்.

1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகா நகருட் புகுந்தது. யூதப் பிள்ளைகட்குப் பள்ளிக் கதவு அடைபட்டது; 1941-இல் ஆடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள ஆணை பிறந்தது. அந்நிலையிலும் பிராகா யூத அனாதை விடுதிப் பிள்ளைகள் இந்நாடகத்தை மறைவாக ஆடினர். பின்னர் அவர்கள் டெரசின் என்னும் கோட்டை நகரில் அடைக்கப்பட்டனர். முன்னரே அங்குச் சிறைப்பட்டிருந்த கிராசா, கிடைத்த வாத்தியங்கட்கேற்ப இசையைத் திருத்தி எழுதினார். 1943 செப்டம்பர் 23-இல் அரங்கேறிய நாடகம் அங்கே 55 முறை நடந்தது. நடித்த பிள்ளைகள் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்படுந்தோறும் அவ்விடத்தே வேறு பிள்ளைகள் நின்று பாடினர்.

பூனையாக நடித்து உயிர் பிழைத்த எலா வைஸ்பெர்கர் என்னும் அம்மையார், பிற்காலத்தில் பள்ளிகட்குச் சென்று ஒரு செய்தி கூறிவந்தார்: மேடையில் நிற்கும் வேளையில் மட்டுமே அந்நட்சத்திரத்தைக் கழற்றி வைக்க அவர்கட்கு இசைவு இருந்ததாம்! இதனை அறிந்து அவ்வேடம் புனையும் இன்றைய சிறுமியின் உள்ளத்தில், நூறு சொற்பொழிவு விளைக்காத உணர்ச்சி விளையாதோ?

மற்றொரு பாடமும் இதன்கண் உளது. 1944 ஜூன் 23-இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் டெரசினைப் பார்வையிட வந்தனர். நெரிசலை மறைக்க அதற்கு முன் மே மாதத்தில் சுமார் 7,500 பேர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். வீடுகட்கு வண்ணம் பூசப்பட்டது. வந்தோர் இந்நாடகத்தையும் கண்டனர். திரைக்குப் பின்னுள்ளதை வினவாது சென்றனர். சங்கத்தின் தூதர் நல்லறிக்கையே எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் கிராசா ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பாடிய பிள்ளைகளில் மிகப் பலரும் மாண்டனர்.

மாணாக்கருள் ஒருவனைக் கொடியவனாகவும் ஒருவனை இழிந்தவனாகவும் நிறுத்தி ஏசச் செய்யும் வகுப்பறை நாடகங்களும் உள. அவை பிஞ்சு நெஞ்சைப் புண்படுத்தலாம். வசைமொழியைப் பழக்கியும் விடலாம். புருண்டிபாரில் அக்கேடு இல்லை. நடிப்போர் ஒற்றுமையின் வலிமையைக் கற்கின்றனர். ஆசிரியர் அதனோடு நில்லாது, அவையில் அமர்ந்திருப்போர்க்கும் அந்த ஜூன் மாத நிகழ்ச்சியை எடுத்துரைத்தல் வேண்டும். கொடுமை செய்வோர் சிலரே. கண்டும் கேளாதிருப்போர் பலர். அப்பலரை வினவப் பழக்குவதே இக்கல்வியின் பயனாம்.