விருப்புரிமையும் இடுகுறியும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

'ஆர்பிட்ரரி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவோர் பலர் 'தன்னிச்சையான' என்று எழுதி அமைகின்றனர். சட்ட நூல்களில் இது பொருந்தும். மொழியியலிலோ பிழைபட்ட கருத்துக்கு இடந்தருகிறது. காரணத்தை அச்சொல்லின் வரலாற்றில் காணலாம்.

இதன் மூலம் 'அர்பிட்டர்' என்னும் இலத்தீன் சொல். 'ஓரிடம் நோக்கிச் செல்பவன்' என்பது வேர்ப்பொருள் என்பர் சொற்பிறப்பியலார். சென்று கண்டவன் சான்றாளன் ஆனான். பின்னர் வழக்கைத் தீர்க்கும் நடுவன் ஆனான். கோரப்படும் தொகை வரையறுக்கப்பட்டிருப்பின் அது நீதிபதியின் தீர்ப்புக்குரியது, வரையறுக்கப்படாதிருப்பின் நடுவனின் மதிப்பீட்டுக்குரியது எனச் சிசரோ வேறுபடுத்துகிறார். விதி முடியுமிடத்தில் மதிப்பீடு தொடங்குகிறது. 'விருப்புரிமை' என்னும் பொருள் முளைத்தற்கு இதுவே நிலைக்களன் எனலாம். சமயவாணர் வழக்கில் அது மனிதனின் விருப்புரிமையையே குறித்தது. அவ்வுரிமை உண்டு என 1524இல் எராஸ்மஸும், மனித விருப்பு அடிமைப்பட்டதே என 1525இல் லூத்தரும் எழுதிய நூல்களின் தலைப்புகளில் 'அர்பிட்ரியம்' என்னும் சொல்லே இடம்பெறுகிறது.

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தபோது 'ஒருவரது முடிவுக்கு விடப்பட்டது' என்பதே பொருள், இழிபொருள் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் அரசியற் பூசல் அதனை மாற்றியது. 1640இல் ஸ்ட்ராஃபோர்டு பிரபுவின்மீது நாடாளுமன்றம் சுமத்திய குற்றச்சாட்டில் இச்சொல் 'கொடுங்கோன்மை'க்கு இணையாக வருகிறது. 1973இல் இராயப்பா வழக்கில் நீதியரசர் பகவதி இத்தன்மையைச் சமத்துவத்தின் பகையாகக் கண்டதும் இவ்வழிப்பட்ட பொருளிலேயே.

1916இல் வெளிவந்த சசூரின் நூல், மொழிக்குறியின் இயல்பை விளக்க இச்சொல்லின் பிரெஞ்சு வடிவத்தைக் கையாள்கிறது. பேசுவோன் குறியைத் தன் விருப்பப்படி தேரலாம் என்று கொள்ளற்க எனவும் எச்சரிக்கிறது. ஒலிக்கும் பொருளுக்கும் இயல்பான காரணத் தொடர்பு இல்லை என்பதே அதன் கருத்து. இவ்வெச்சரிக்கை தேவைப்பட்டதே பழம்பொருள் சொல்லைவிட்டு நீங்காமைக்குச் சான்று. 'தன்னிச்சை' எனப் பெயர்ப்போர், சசூர் விலக்கிய பொருளையே மீண்டும் அழைத்து வருகின்றனர்.

நன்னூலார் காரணப்பெயருக்கு எதிரே இடுகுறிப்பெயரை வைத்தார். 'மரம்', 'பனை' என்பவற்றை இடுகுறி என்னும்போது காரணம் விளங்காமையே அளவுகோல்; எவருடைய விருப்பமும் அன்று. ஆதலின் மொழியியலில் 'இடுகுறித்தன்மை' என்பதே தகும். 'இடு' என்னும் வினை, யாரோ ஒருவர் இட்டார் என்ற எண்ணத்தைத் தரும் என்பாரும் உளர். தரட்டும், இட்டவர் முன்னோர். இன்று 'மரம்' என்பானுக்கு அதில் தேர்வு ஏதுமில்லை.