தில்லி டாக்சிகளில் சி.என்.ஜி.

சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். தில்லியில் ஓடும் டாக்சி, ஆட்டோக்களுக்கு இதுவே முதன்மை எரிபொருள். நிலத்தடிக் குழாயில் வரும் வாயுவை ஏறத்தாழ 200 பார் அளவுக்கு அழுத்தி, காரின் டிக்கியில் பொருத்திய தடித்த எஃகு சிலிண்டரில் அடைக்கிறார்கள். 60 லிட்டர் சிலிண்டர் ஒன்று சுமார் 9 கிலோ வாயு கொள்ளும். பெட்டி வைக்க இடம் போய்விடுவதால் பல டாக்சிகளின் கூரையில் கேரியர் ஏறியது.

இந்த மாற்றம் நீதிமன்றத்தால் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. 1990க்கு முந்தைய ஆட்டோக்களும் டாக்சிகளும் 2000 மார்ச் 31க்குள் கழிக்கப்பட்டு, தூய எரிபொருளில் ஓடும் புது வண்டிகள் வர வேண்டும். நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும். அப்போது நகரில் இருந்த நிரப்பு நிலையங்கள் ஒன்பதே. அவற்றை 80 ஆக்கவும் ஆணையிடப்பட்டது. விநியோகத்துக்கென இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனம் அதே ஆண்டு இறுதியில் உருவானது.

வண்டிகள் பெருகிய வேகத்தில் நிலையங்கள் பெருகவில்லை. அந்தத் தாமதத்தின் விலையை ஓட்டுநர்களே கொடுத்தார்கள். வரிசையில் கழிந்த நேரமெல்லாம் சவாரி இல்லாத நேரம். குழாய் இணைப்பு இல்லாத நிலையங்களுக்கு லாரியில் சிலிண்டர் அடுக்குகள் வரும். அடுத்தடுத்து வண்டிகள் நிரப்ப நிரப்ப அடுக்கின் அழுத்தம் இறங்கும். கடைசியில் நிற்பவருக்குப் பாதி சிலிண்டர்தான். நிரப்பும்போது பயணிகள் இறங்கி நிற்க வேண்டும். ஊழியர் சோதனைத் தகட்டில் தேதியைப் பார்த்து, பானெட்டுக்கு அடியிலுள்ள வால்வின் மூடியைக் கழற்றி நாசிலைச் செருகுவார். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவது கட்டாயம்.

எரிபொருளை அரசு குறிப்பிட்டுச் சொல்லக் கூடாது, புகையின் அளவை மட்டும் வரையறுத்தால் போதும் என்றது 2001இல் அமைக்கப்பட்ட ஆர்.ஏ. மஷேல்கர் குழு. கொள்கையளவில் சரியான வாதம். ஆனால் அன்றைய தில்லியில் டீசலில் கந்தகம் மிகுதி, மண்ணெண்ணெய்க் கலப்படமும் பரவலாக இருந்தது. எரிவாயுவில் அப்படிக் கலக்க வழியில்லை. அந்த நிலைமையில் நீதிமன்றத்தின் பிடிவாதமே சரி. 2002 ஏப்ரல் 5 அன்று, மாறாத டீசல் பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாயும், 30 நாள் கடந்தால் 1,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் நகரப் பேருந்துகளில் டீசல் ஒழிந்தது.

டீசலோடு ஒப்பிட்டால் கரும்புகையும் நுண்துகளும் வெகுவாகக் குறைகின்றன. பெட்ரோலோடு ஒப்பிட்டால் கரியமில வாயு ஐந்தில் ஒரு பங்கு அளவில் குறையும். காற்றைவிட இலேசானதால் கசிந்தாலும் திறந்தவெளியில் மேலெழுந்து கலைந்துவிடும். ஆனால் மலிவான கிட்டை மாட்டி, ட்யூனிங்கைக் கவனிக்காமல் ஓட்டும் வண்டி நைட்ரஜன் ஆக்சைடுகளையும் எரியாத மீத்தேனையும் வெளியே தள்ளும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், பராமரிப்பில்லாத டாக்சியைத் தூய வண்டி என்று எண்ண முடியாது.

செயலி வழி டாக்சிகள் வந்தபின் டீசல் மீண்டும் நுழைந்தது. அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டில் பதிவான கார்கள் நகருக்குள்ளேயே சவாரி எடுத்தன. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டார டாக்சிகள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற உத்தரவிட்டது. நீட்டிக்கப்பட்ட கெடுவும் 2016 ஏப்ரல் 30உடன் முடிய, ஓட்டுநர்கள் சாலைகளை மறித்தார்கள். டீசல் எஞ்சினைச் சி.என்.ஜி.க்கு மாற்றும் வசதி அவர்களுக்குச் சந்தையில் கிடைக்கவில்லை. பெரும்பாலான கார்கள் கடனில் வாங்கியவை. பத்து நாளில் நீதிமன்றம் இளகியது: ஏற்கெனவே அந்த பெர்மிட் பெற்ற டீசல் டாக்சிகள் அது காலாவதியாகும் வரை ஓடலாம், இனிப் புதிதாகப் பதிவு இல்லை. 2023இல் தில்லி அரசு வகுத்த திட்டத்தின்படி, செயலி நிறுவனங்களின் வண்டிகள் 2030 ஏப்ரல் 1க்குள் முழுக்க மின்சாரத்துக்கு மாற வேண்டும்.