வீட்டுச் செடிகளில் இலைச்சுருட்டை

வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் நிழல்வலைக்கு அடியிலும் வளரும் செடிகளின் இலைகள் சுருண்டு சுருங்கும் நிலை. இது தனி நோய் அன்று. பூச்சி, சிலந்தி எனப்படும் சிலந்திப்பேன், வைரஸ், தண்ணீர்க் கோளாறு எதனாலும் வரலாம். திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூர் போன்ற ஊர்களின் மாடித்தொட்டிகளில் மிளகாயிலும் தக்காளியிலும்தான் இது முதலில் கண்ணில் படும்.

மிளகாய்க்காரர்கள் 'முரணை' என்று சொல்லும் சுருட்டையில் இலை எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதே முதல் தடயம். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி இலை படகுபோல் குழிந்தால் இலைப்பேன் சாறு உறிஞ்சுகிறது. வெள்ளைத்தாளின் மேல் கொழுந்தைத் தட்டினால் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மஞ்சள் நிறப் பூச்சிகள் ஊர்வது தெரியும். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, இலை தடித்து நொறுங்கும் பதத்துக்கு வந்தால் முரணைச் சிலந்தி. இதன் நீளம் 0.2 மி.மீ. அளவுதான் என்பதால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டே செடிவிட்டுச் செடி போகக்கூடியது இது. மழையும் இரைவிழுங்கிப் பூச்சிகளும் எட்டாத வீட்டுக்குள் விரைவாகப் பெருகும்.

நரம்பு தடித்து, இலை மஞ்சள் பாய்ந்து, கணுவிடை குறுகிச் செடியே குட்டையாகிப்போனால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸை நினைக்க வேண்டும். இந்தியத் தக்காளியில் இந்நோயை 1948இல் வாசுதேவாவும் சாம்ராஜும் விவரித்தனர். இதற்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதே அக்கம்பக்கச் செடிகளைக் காக்கும் வழி; மனம் வராமல் வைத்திருப்பதுதான் பெரிய கேடு.

பூச்சியே தென்படாவிட்டால் தொட்டியைப் பாருங்கள். நண்பகலில் சுருண்டு மாலையில் நிமிர்ந்தால் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் காரணம். தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பையில் மேற்பரப்பு காய்ந்திருக்க, அடியில் சொதசொதவென ஈரம் தேங்கும். விரலை முழுதாக விட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். இலைநுனி கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவு கட்டினால் உப்பு மிகுந்த நீர். மாவட்டத்தின் கடலோரத்து மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பதால் அங்கே இது முக்கியம். ஏ.சி. காற்று நேராகப் படும் செடியில் ஓரம் காய்ந்து சுருளும். இடம் மாற்றினாலே தீரும். தக்காளியின் கீழ் இலைகள் மட்டும் வெப்பத்தால் மேல்நோக்கிச் சுருண்டால் பொருட்படுத்த வேண்டாம்.

காரணம் தெரியாமல் தெளிப்பது வீண் என்பதோடு தீமையும்கூட. இமிடாக்குளோபிரிடு என்னும் பூச்சிக்கொல்லி சிலந்தியைக் கொல்லாது. சிலந்தியைத் தின்னும் பூச்சிகளை அழித்து அதைப் பெருக்கவும் கூடும். சிலந்திக்கு நனையும் கந்தகம், இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். கந்தகத்தைக் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஏற்கெனவே சுருண்ட இலை மீண்டும் விரியாது. குணமானதா என்பதைப் புதுக்கொழுந்தில்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். ஓர் இலையைப் பறித்துப் போனால் போதாது. கொழுந்தோடு கூடிய கிளையைக் காகிதத்தில் சுற்றி, அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.