காய்ச்சலோடு நொண்டும் குழந்தை... சுளுக்குன்னு விட்டுடாதீங்க!

"சாரல்ல ஆடிட்டு எங்கயாச்சும் வழுக்கி விழுந்திருப்பான்... சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாப்போயிரும்!" பண்பொழி பக்கம் குழந்தை நொண்டினால் வீட்டில் வரும் முதல் தீர்ப்பு இதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், கூடவே காய்ச்சலும் அடித்தால்? எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

எலும்புக்குள்ள என்ன நடக்குது?

ரத்தத்தில் கலந்த கிருமி, எலும்பு வளரும் முனையில் போய்த் தங்கும். முழங்காலை ஒட்டிய பகுதியில்தான் இது அதிகம். உள்ளே சீழ் சேர்ந்து அழுத்தினால், ரத்தம் கிடைக்காமல் எலும்பில் ஒரு பகுதி செத்துப்போகும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் புண் ஆறுவதும், மறுபடி சீழ் வடிவதுமாக மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆபரேஷன்ல என்ன செய்றாங்க?

செத்த எலும்பை எடுத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு எலும்பின் மேலுறை, அதைச் சுற்றிப் புது எலும்பு கட்டும். அது பலமாகும்வரை பெரும்பாலும் காத்திருப்பார்கள்.

அப்படியும் இடைவெளி விழுந்தால் வழி உண்டு. ஒன்று, கெண்டைக்காலில் பக்கத்திலேயே இருக்கும் மெல்லிய எலும்பை அங்கே நகர்த்திப் பொருத்துவது. பாரம் தாங்கத் தாங்க அது தடிமனாகும். அமெரிக்க டாக்டர் ஹண்டிங்டன் 1905-லேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

இன்னொன்று, ரஷ்ய டாக்டர் இலிசரோவ் 1950-களில் உருவாக்கிய வளையக் கருவி. நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, நாளுக்கு 1 மி.மீ. வீதம் நகர்த்துவார்கள். பின்னால் விழும் இடைவெளியில் புது எலும்பு வளரும். 5 செ.மீ. நகர்த்தவே 50 நாள் ஆகும். அது கெட்டிப்பட இன்னும் பல மாதம்!

நீங்க என்ன செய்யணும்?

* காய்ச்சலோடு காலை ஊன மறுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நீவாதீங்க, கட்டுப் போடாதீங்க.
* முதல் வாரத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் வேண்டுமா எனக் கேளுங்க.
* தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துட்டுப் போங்க.

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், பல குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் மருந்தே போதும். வீட்டில் பெரியவங்க "நாளைக்குப் பார்க்கலாம்"னு சொன்னா, "இல்ல, இன்னைக்கே போவோம்"னு கிளம்புற அண்ணனா, அக்காவா நீங்க இருங்க!