ஆனந்தமைடு பிறந்த கதை

பன்றி மூளையை அரைப்பது, கரைப்பானில் ஊறவைப்பது, வடிப்பது, பிரிப்பது, பிரித்ததை மறுபடி பிரிப்பது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வகத்தில் இதே வேலைதான் திரும்பத் திரும்ப நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் டிவேனும் செக் நாட்டுக்காரரான லூமிர் ஹனூஷும் தேடியது, கஞ்சாவின் வேலையைச் செய்யக்கூடிய, ஆனால் மூளை தானே தயாரிக்கிற ஒரு பொருளை. 1992இல் அது கையில் கிடைத்தது. கொழுப்பிலிருந்து உண்டாகும் ஒரு பொருள். 'ஆனந்தம்' என்ற இந்தியச் சொல்லை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார் டிவேன். அந்த ஆண்டு டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் செய்தி வந்தது.

கடலூர் மாவட்டத்து மங்களூர், வேப்பூர், சிறுபாக்கம் பக்கத்துப் பையன்களுக்கு இந்தக் கதை தெரிய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி நிற்கிற பூமி எங்களுடையது. விருத்தாசலம் பீங்கான் பட்டறை வேலையும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பிழைப்புக்கு வெளியூர் போய்த் திரும்பும் பிள்ளைகளில் சிலர் கஞ்சாப் பொட்டலத்தைத் தொட்டுவிடுகிறார்கள். ஏன் தம்பி என்று கேட்டால், "மனசு பாரம் இறங்குதுண்ணே, தூக்கம் வருது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு இறங்கத்தான் செய்கிறது. எது இறக்குகிறது, பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கஞ்சாவை ஐரோப்பிய மருத்துவத்துக்குக் கொண்டுபோன ஊர் கல்கத்தா. அங்கே மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் ஓஷானசி, முதலில் விலங்குகளுக்கும் பிறகு வாத நோயாளிகளுக்கும் தனுர்வாயுவில் துடித்தவர்களுக்கும் கொடுத்துப் பார்த்து, 1839இல் கட்டுரை எழுதினார். அபினியிலிருந்து மார்பினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கஞ்சாவின் பிசின் மட்டும் பிடிகொடுக்கவில்லை. 1960களில் இஸ்ரேல் வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம், போலீஸார் பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ லெபனான் ஹஷீஷைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் எடுத்துப் போனார். 1964இல் அவரும் சக ஆய்வாளர் கவோனியும் சேர்ந்து டிஎச்சி என்ற போதைப் பொருளைத் தனியே பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள்.

1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட், எலி மூளையில் டிஎச்சி போய் ஒட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வில் மாணவராக இருந்தவர்தான் டிவேன். எங்கோ வளரும் ஒரு செடிக்காக மூளை இப்படி ஓர் ஏற்பியை வைத்திருக்காது. உள்ளேயே அதற்குரிய ஆள் இருந்தாக வேண்டும். அந்த எண்ணத்தோடுதான் அவர் ஜெருசலேமில் மெக்கூலத்தின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆனந்தமைடு போன்ற இந்த உள்ளூர்ப் பொருள்கள் வேலை செய்யும் விதம் அழகானது. ஒரு நரம்புச் செல் பக்கத்துச் செல்லுக்குச் சேதி அனுப்புகிறது. சேதி அளவுக்கு மீறினால், வாங்குகிற செல் அப்போதைக்கப்போது இந்தக் கொழுப்புப் பொருளைத் தயாரித்து, அனுப்புகிற செல்லுக்கே திருப்பி விடுகிறது: போதும், குறைத்துக்கொள். சொல்லி முடித்ததும் ஒரு நொதி வந்து சீக்கிரமே அதை உடைத்துப்போடுகிறது. சேமிப்புக் கிடையாது, மிச்சம் கிடையாது. பீங்கான் சூளையில் அனல் ஏறும்போது அனுபவசாலி ஒருவர் புகைபோக்கித் தகட்டை ஒரு விரற்கடை தள்ளி, பார்த்து, மறுபடி இழுப்பாரே, அந்த மாதிரி. கஞ்சா அடிப்பது எல்லாத் தகடுகளையும் ஒரே நேரத்தில் பிடுங்கி எறிவது. டிஎச்சி உடனே உடைவதில்லை; மணிக்கணக்கில் நிற்கிறது, கொழுப்பில் நாள்கணக்கில் தங்குகிறது.

1993இல் கேம்பிரிட்ஜில் ஷான் மன்ரோவின் குழு இரண்டாவது ஏற்பியைக் கண்டது. அது இருந்தது மண்ணீரலில், நோய் எதிர்ப்புச் செல்களில். மனநிலையைத் தொடுகிற அதே குடும்பத்துப் பொருள் அழற்சியையும் தொடுகிறது என்பது அப்போது தெரிந்தது.

அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் என்ன உறவு? காய்ச்சல் கண்டவனைப் பாருங்கள். போர்வைக்குள் சுருண்டு கிடப்பான்; சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், ஆள் முகம் பார்க்கப் பிடிக்காது. கிருமி மட்டும் அப்படிச் செய்வதில்லை, கிருமியை எதிர்க்க உடம்பு விடுகிற ரசாயனங்களும் செய்கின்றன. ஹெபடைடிஸ் சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில், நன்றாக இருந்த பலர் சில வாரங்களில் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இன்டர்ஃபெரான் எடுத்த தோல் புற்றுநோயாளிகளில் 45 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது. மனச்சோர்வு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அழற்சி நேரத்தில், செரோடோனின் ஆக வேண்டிய டிரிப்டோஃபேன் வேறு பாதைக்குத் திருப்பப்படுகிறது என்பது ஒரு காரணம். அதற்காக எல்லா மனச்சோர்வும் அழற்சி அல்ல. மாத்திரைக்கு மசியாத 60 பேரிடம் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாபைச் சோதித்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் பலனில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கே பலன் தெரிந்தது.

இனி, என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி. கஞ்சா பசியைத் தூண்டும் என்பது தெரிந்ததே. அப்படியானால் டிஎச்சி ஒட்டுகிற அந்த மூளை ஏற்பியை அடைத்தால் பசி குறையுமே என்று கணக்குப் போட்டு, பிரான்ஸின் சனோஃபி நிறுவனம் ரிமோனபான்ட் என்ற மாத்திரையை உருவாக்கியது. 2006இல் ஐரோப்பா அனுமதித்தது. எடை குறைந்தது, இடுப்புச் சுற்றளவு குறைந்தது. ஆனால் வாழ்க்கையில் பிடிப்பும் குறைந்தது. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம். 18,695 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் மருந்து எடுத்த பக்கம் நான்கு தற்கொலைகள், வெற்று மாத்திரை எடுத்த பக்கம் ஒன்று. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் நிபுணர் குழு 2007இலேயே வேண்டாம் என்றது. 2008 அக்டோபரில் ஐரோப்பா நிறுத்தியது. இங்கேயும் விற்பனையில் இருந்த மாத்திரையை 2009 டிசம்பரில் இந்திய அரசு தடை செய்தது. அடைக்கக்கூடாத ஒன்றை அடைத்த பிறகுதான், அது அன்றாடம் நம்மைத் தாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்கு விலை, உயிர்கள்.

அடைத்தால் மனச்சோர்வு, ஆகவே கஞ்சாவால் திறந்துவிட்டால் மகிழ்ச்சி என்று எண்ணத் தோன்றும். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வெளியிலிருந்து தினமும் கொட்டினால், மூளை தன் ஏற்பிகளையே குறைத்துக்கொள்கிறது. அதாவது சொந்த ஆனந்தமைடுக்கு உட்கார இடம் குறைகிறது. 2019இல் 11 ஆய்வுகளைச் சேர்த்து, 23,317 பேரின் விவரங்களை அலசிப் பார்த்தார்கள். 18 வயதுக்கு முன் கஞ்சா பழகியவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.37 மடங்கு. பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் ஒரு தெருவே புகைக்கும்போது அது எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். அழற்சியைக் கஞ்சா அடக்கும் என்று சொல்லித் தருகிறவர்களும் உண்டு. எலிகளில் காட்டியிருக்கிறார்கள், மனிதரில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. புகையோ நெஞ்சுக்குள் புது அழற்சியை உண்டாக்குகிறது.

2012இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் புகைத்த 30 பேரின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஏற்பிகள் குறைந்திருந்தன. ஏறக்குறைய நான்கு வாரம் கண்காணிப்பில் புகைக்காமல் இருந்தவர்களை மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, பெரும்பாலான இடங்களில் அவை திரும்பி வந்திருந்தன. அந்த நான்கு வாரம் லேசானதில்லை. தூக்கம் போகும், எரிச்சல் ஏறும், சோறு இறங்காது, மனசு இருண்டு கிடக்கும். "பாத்தியாண்ணே, இது இல்லாம முடியல" என்று பையன் மறுபடி பொட்டலத்துக்குப் போவது அந்த நேரத்தில்தான். இது விட்டதன் வலி, சில வாரத்தில் தணியும் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஓர் ஆள் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். வீட்டில் அப்படி ஆள் இல்லையென்றால் டெலிமானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.